தொற்றுக் காலத்தில் அவசரப் படச் சோதனை: ஏரிக்கரை ஊர்கள் கற்க வேண்டிய பாடம்

மழைக்கு முன்பே கூரை வேய்வது குடும்பத்திற்கு அழகு. புயலுக்கு முன்பே படகைக் கரையேற்றிக் கட்டுவது மீனவர்க்கு அழகு. அதுபோலவே, கொள்ளைநோய் ஒன்று தணிந்த பின்னர், அதனால் நேர்ந்த இன்னல்களை எண்ணிப் பார்த்து, மறுமுறை வந்தால் செய்ய வேண்டியவற்றைத் திட்டமிட்டு வைப்பது ஊராட்சிக்கு அழகாகும்.

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11-ஆம் நாள் கோவிட்-19 நோயை உலகப் பெருந்தொற்று என்று குறிப்பிட்டது. அந்நோயின் பொருட்டு அறிவிக்கப்பட்டிருந்த உலக அவசரநிலை 2023 மே 5-ஆம் நாள் முடிவுற்றது. இடைப்பட்ட காலத்தில் அந்நோயால் மாண்டவர்களைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அந்நோய் தம்மைத் தீண்டாமலேயே அதனால் துன்புற்றவர்களும் உளர். பக்கவாதம் கண்டவர், தலையில் அடிபட்டவர், எலும்பு முறிந்தவர் ஆகியோருக்கு எக்ஸ்ரே, ஸ்கேன் முதலிய படச் சோதனைகள் உரிய நேரத்தில் கிடைப்பதில் தாமதம் நேர்ந்தது. அத்தாமதம் ஏன் நேர்ந்தது, அதனைக் குறைக்கப் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள ஊர்கள் என்ன செய்யலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

உடலின் உள்ளே காணும் கண்

1895-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு அறிஞர் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். சென்னை அரசு பொது மருத்துவமனையில் இக்கதிர் மருத்துவத்திற்கென்றே பர்னார்டு ரேடியாலஜி நிலையம் 1934-இல் திறக்கப்பட்டது. 1971-இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்பவர் உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவியால் முதன்முறையாக ஒரு நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது.

அவசர காலத்தில் பெரிதும் பயன்படுபவை மூன்று. எலும்பு முறிவையும் நெஞ்சுக் கூட்டின் நிலையையும் எக்ஸ்ரே காட்டும். கருவிலுள்ள குழந்தையையும், வயிற்றினுள் இரத்தம் கசிவதையும் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் காட்டும். இதில் கதிர்வீச்சு இல்லை. மூளை, நுரையீரல், வயிறு ஆகியவற்றைக் குறுக்காக அரிந்து பார்ப்பதுபோல் அடுக்கடுக்காகக் காட்டுவது சி.டி. ஸ்கேன்.

இக்கருவியின் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். விடியற்காலையில் வலையிழுக்கும் மீனவர் ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணி, வலக்கை தளர்ந்து, பேச்சுக் குழறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இது பக்கவாதம். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலும் இது வரும். குழாய் வெடித்து இரத்தம் கசிந்தாலும் வரும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். அடைப்பாக இருந்தால், தகுதியுடைய நோயாளிக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தை நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். கசிவாக இருந்தால் அதே மருந்து உயிருக்கே உலை வைக்கும். எது என்பதைக் காட்ட வல்லது தலையின் படம். படம் எடுக்காமல் அம்மருந்தை எந்த மருத்துவரும் தொடமாட்டார். பெரிய அடைப்பு ஏற்பட்ட நிலையில் நிமிடம் ஒன்றுக்கு ஏறத்தாழ 19 இலட்சம் மூளை நரம்பணுக்கள் மடிகின்றன என்று கணக்கிட்டுள்ளனர். ஆகவே, ஸ்கேன் அறைக்குச் சென்றடையும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் சேர்கிறது.

தொற்றுக் காலத்தில் நேர்ந்தவை

முதலாவது, நோயாளிகள் வரவில்லை. அமெரிக்காவில் 856 மருத்துவமனைகளில், பக்கவாதத்திற்காக மூளைப் படம் எடுக்கப்பட்டோரின் எண்ணிக்கையை ஆராய்ந்தனர். 2020 பிப்ரவரியில் இருந்ததைவிட மார்ச் இறுதி, ஏப்ரல் தொடக்கத்தில் அது 39 விழுக்காடு குறைந்திருந்தது. சர்வதேச அணுசக்தி முகமை 108 நாடுகளில் 909 நிலையங்களில் விசாரித்தபோது, இருதய நோயறியும் சோதனைகள் 2019 மார்ச்சில் இருந்ததைவிட 2020 ஏப்ரலில் 64 விழுக்காடு குறைந்திருந்தமை தெரிந்தது. மூளை நோயும் இருதய நோயும் ஒரே மாதத்தில் இவ்வளவு குறைந்துவிட்டன என்று கொள்வதற்கில்லை. அச்சத்தாலும் போக்குவரத்துத் தடையாலும் பலர் வீட்டிலேயே இருந்துவிட்டனர்.

இரண்டாவது, ஸ்கேன் அறை மெதுவாக இயங்கிற்று. தொற்றுடையவர் என்று ஐயுறப்பட்ட ஒருவருக்குப் படம் எடுத்தபின், மேசையையும் கருவியையும் மருந்திட்டுத் துடைக்க வேண்டும். அறையின் காற்றும் மாற வேண்டும். காற்றோட்டத்தைப் பொறுத்து இதற்கு ஒரு மணி நேரம் வரை ஆகலாம் என்று அமெரிக்க ரேடியாலஜி மருத்துவர் சங்கம் 2020 மார்ச்சில் குறிப்பிட்டது. ஒரே கருவியுள்ள மருத்துவமனையில் அடுத்த நோயாளியின் நிலை என்னவாகும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவது, கருவிக்கு முன் வரிசை நீண்டது. நுரையீரல் பாதிப்பை அறியச் சி.டி. ஸ்கேன் உதவியதால், 2021-இல் இரண்டாம் அலை வீசியபோது, இலேசான காய்ச்சல் உடையவர்களும் தாமாகவே ஸ்கேன் நிலையங்களை நாடினர். இலேசான நோய்க்கு இது வேண்டுவதில்லை என்று புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநர் அவ்வாண்டு மே மாதத்தில் எச்சரித்தார். தேவையற்ற படத்தால் உடலில் கதிர்வீச்சு ஏறுவதோடு, தேவையுள்ளவரின் நேரமும் பறிபோகிறது.

நான்காவது, ஊழியர்கள் துன்புற்றனர். எக்ஸ்ரே எடுப்பவர் நோயாளியைத் தொட்டுத் திருப்பாமல் படம் எடுக்க இயலாது. காப்புடை அணிவதற்கும் களைவதற்கும் நேரம் வேண்டும். அவர்களுள் சிலர் நோயுற்றால் எஞ்சியவர்மீது சுமை ஏறும்.

நன்மை ஒன்றும் விளைந்தது. நோயாளியின் கட்டிலருகே உருட்டிச் சென்று படமெடுக்கும் எக்ஸ்ரே கருவியின் பயன் நன்கு உணரப்பட்டது. வயிற்று வலிக்காக எடுத்த ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பகுதி தெரிந்து, எவரும் ஐயுறாத தொற்று வெளிப்பட்டதும் உண்டு.

நமது ஏரிக்கரை

பழவேற்காடு மீஞ்சூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. குப்பங்கள் சில ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் திட்டில் அமைந்துள்ளன. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குச் சாலை வழி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். சென்னைக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலுதவி கிடைக்கும்; சி.டி. ஸ்கேன் வேண்டுமாயின் பெரிய மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். நாலரை மணி நேரத்தில் ஒரு பகுதியைப் பயணமே விழுங்கிவிடும். 2020 ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் சுற்றுப்புற மாவட்டங்களின் பகுதிகளிலும் முழு ஊரடங்கு கடுமையாக்கப்பட்டிருந்தது. மருத்துவ அவசரத்திற்குத் தடையில்லை என்ற செய்தி எல்லாக் குடிசைகளையும் எட்டிற்று என்று சொல்ல முடியாது.

அக்காலத்தில் குப்பம் ஒன்றிற்கு நான் சென்றிருந்தபோது, மூதாட்டி ஒருவர் வழுக்கி விழுந்து ஐந்து நாட்களாகப் பாயில் கிடந்ததைக் கண்டேன். எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டிருந்தனர். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் கொரோனா வார்டில் சேர்த்துவிடுவார்கள், தாயின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது என்று மகன் அஞ்சினார். அவரைத் தேற்றி அனுப்பினோம். எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு முறிவு தெரிந்தது. அந்த அம்மையார் பிழைத்துக்கொண்டார். ஆயினும், கரைக்குச் சென்று மீன் கூடை எடுக்கும் நடை அவருக்குத் திரும்பவில்லை. அந்த மகனைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு முன்கூட்டியே உண்மையைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம்.

ஊராட்சி செய்யத்தக்கவை

1. முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்று அறிகுறிகளையும் கிராம சபையிலும் மகளிர் குழுக் கூட்டத்திலும் கிராம சுகாதாரச் செவிலியரைக் கொண்டு விளக்கச் செய்க. இவற்றுள் ஒன்று தோன்றினும் 108-ஐ உடனே அழைக்க வேண்டும்.

2. நோயாளி கடைசியாக நலமாயிருந்த நேரத்தைக் குறித்துக்கொள்க. மருத்துவர் முதலில் கேட்பது அதுவே.

3. பழவேற்காட்டு மீனவர்கள் பாடு முறையில் சீட்டுக் குலுக்கி, இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை போடுவது என்று தமக்குள் வகுத்துக்கொள்கின்றனர். அதேபோல், அவசரப் படகுக்கும் வாகனத்திற்கும் இரவு பகல் முறை வகுக்கலாம். அன்றைய பொறுப்பாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் வலைக்கூடத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் எழுதப்பட்டிருக்கட்டும்.

4. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனை எது என்பதை 108 ஊழியரிடம் கேட்டே செல்க. ஒவ்வொரு மருத்துவமனையாக ஏறி இறங்குவதில் நேரம் பாழாகும்.

5. பக்கவாதம் கண்டவருக்குத் தண்ணீர், உணவு, ஆஸ்பிரின் மாத்திரை எதுவும் தரலாகாது. முகத்துவாரத்தில் அலை புரட்டி, தலையிலோ கழுத்திலோ அடிபட்டவரைக் கழுத்து அசையாதபடி பலகையில் கிடத்தித் தூக்குக.

6. பழைய மருந்துச் சீட்டுகள், முன்பு எடுத்த படங்கள், காப்பீட்டு அட்டை ஆகியவற்றை உடன் கொண்டு செல்க. தோடு, கொண்டை ஊசி, தாயத்து முதலிய உலோகப் பொருள்கள் படத்தைக் கெடுக்கும். வழியிலேயே கழற்றி வைக்கலாம். கர்ப்பிணியாயின் அதனைத் தவறாமல் தெரிவிக்க வேண்டும்.

7. தொற்றுக் காலத்தில் காய்ச்சல், இருமல் இருந்தால் மறைக்காமல் சொல்லுக. ஊழியர்கள் முன்னதாகவே அறையை ஆயத்தம் செய்ய அது உதவும். முகக்கவசம் அணிந்து, துணைக்கு ஒருவர் மட்டும் செல்வது நன்று.

8. இலேசான காய்ச்சலுக்கு மருத்துவர் சொல்லாமல் ஸ்கேன் எடுக்க ஓடாதீர். மூச்சுத் திணறல் ஏற்பட்டால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்க.

முடிவுரை

கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவமனைக்குள் ஒரு படத்திற்கு ஆகும் நேரம் கூடவே செய்யும். அதனைக் குறைப்பது நம் கையில் இல்லை. அறிகுறியை உணராமல் வீட்டில் கழியும் நேரம், படகுக்காகத் துறையில் காத்திருக்கும் நேரம், அச்சத்தால் தயங்கும் நேரம் ஆகிய மூன்றும் நம் கையில் உள்ளன. உள்ளே ஒரு மணி நேரம் கூடினாலும், ஊரில் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தினால் கணக்கு நேராகும். அதற்கு வேண்டிய படகுகள் நம்மிடம் உண்டு. முறை வகுக்கும் பழக்கமும் நம் முன்னோர் தந்ததே. அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இப்பட்டியலை எடுத்துப் படித்து, முறைப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.