முதலை கடித்த காயத்தை உடனே தைக்காதது ஏன்?

மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமை கூடும் மாட்டுச் சந்தையில், மாடு முட்டிக் காயம்பட்டவரை நீங்கள் பார்த்திருக்கலாம். நாய்க்கடி எல்லா ஊரிலும் உண்டு. முதலைக்கடி? தெற்கே சிதம்பரத்தை அடுத்த வேளக்குடி, வல்லம்படுகைப் பக்கத்தில் அது அரிதே தவிரப் புதிதல்ல. பழைய கொள்ளிடத்தில் வாழும் நன்னீர் முதலைகள், குளிக்க இறங்கியவர்களைக் கவ்வியிருக்கின்றன. உயிரிழந்தோரும் உண்டு.

முதலையின் கூம்புப் பற்கள் பிடிக்க உதவும், மெல்ல உதவா. ஆகவே அது கவ்விய பிடியை விடாமல் நீரில் உருண்டு சதையைப் பிய்க்கிறது. பெரிய உவர்நீர் முதலை ஒன்றின் கடிவிசை சுமார் 16,400 நியூட்டன் என்று எரிக்சன் குழுவினர் 2012இல் வெளியிட்டனர். (கொள்ளிடத்து முதலை அதைவிடச் சிறிய இனம்.) வெளியே தெரிபவை நாலைந்து துளைகளாக இருக்கலாம், உள்ளே தசை நசுங்கி, இரத்தக் குழாய் அறுந்து, எலும்பும் முறிந்திருக்கக்கூடும்.

இத்தகைய காயத்தை மருத்துவர் பெரும்பாலும் உடனே தைத்து மூடமாட்டார். காரணம் என்ன? நசுங்கிய தசைக்கு இரத்தம் செல்லாது. இரத்தம் செல்லாத இடத்தில் ஆக்சிஜனும் இராது. ரணஜன்னியையும் தசையழுகலையும் உண்டாக்கும் கிளாஸ்டிரிடியம் பாக்டீரியாக்களுக்கு வேண்டியது அத்தகைய இடந்தான். மேலே தைத்துவிட்டால் அவற்றுக்கு நாமே கதவைச் சாத்திக் கொடுத்தது போலாகும்! முதல் உலகப் போரில் (1914–18) சேறு புகுந்த குண்டுக் காயங்களைப் பார்த்துப் பார்த்தே மருத்துவர்கள் இதை நன்கு உணர்ந்தனர். எனவே காயத்தை ஏராளமான உப்புநீரால் கழுவி, செத்த திசுவை வெட்டி அகற்றி, திறந்தே விட்டுக் கட்டுப் போடுவர். சில நாட்களில் அழுகல் இல்லையென்று தெரிந்தபிறகே தையல்.

ஆற்றுநீரில் ஏரோமோனாஸ் என்னும் பாக்டீரியாவும் உண்டு. ஆம்பிசிலின் மருந்துக்கு அது மசியாது. ஆகவே காயத்திலிருந்து மாதிரி எடுத்து வளர்த்துப் பார்த்து, ஏற்ற மருந்தைத் தேர்கிறார்கள்.

ரேபிஸ் ஊசி வேண்டாமா? வேண்டாம். ரேபிஸ் பாலூட்டிகளுக்கே வரும் நோய், முதலை ஊர்வன. ரணஜன்னித் தடுப்பு மட்டும் அவசியம். கரடியோ குதிரையோ கடித்தால் கதை வேறு. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, ரேபிஸ் தடுப்பூசிக்கு மருத்துவமனை செல்ல வேண்டும்.

ஆற்றங்கரையில் நிற்பவர் செய்யவேண்டியது, சுத்தமான துணியால் காயத்தை விடாமல் அழுத்தி இரத்தத்தை நிறுத்துவதும், 108க்குச் சொல்வதும். மஞ்சள், காப்பித்தூள், சாம்பல் எதையும் அப்ப வேண்டாம். மருத்துவர் சேற்றோடு அதையும் சேர்த்துக் கழுவ வேண்டியிருக்கும்.