ஊர்ப் பாடசாலையும் பதிவேட்டுக் கணக்கும்

கிருஷ்ணகிரி ஜில்லாவில் தென்பெண்ணையாற்றங்கரையில், மாந்தோப்புகள் சூழ அமைந்த சிறு பட்டணம் காவேரிப்பட்டினம். மாங்காய் அறுவடை ஓயுமுன்னரே பாடசாலைகளில் பிள்ளைகளைச் சேர்க்கும் காலமும் வந்துவிடுகிறது. தோப்பு வரவையும் கடன் தவணையையும் கணக்கிடும் அதே வேளையில், பிள்ளையைச் சர்க்கார் பாடசாலைக்கு அனுப்புவதா, சம்பளம் கட்டித் தனியார் பாடசாலைக்கு அனுப்புவதா என்றும் குடும்பத்தார் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே உபாத்தியாயர்கள் என்பது சிறிய பாடசாலைகளைப் பற்றிப் பெற்றோர் கூறும் குறை. குறை நியாயமானதே, அதன் காரணத்தையும் அறிதல் வேண்டும். 2010ஆம் வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி அமுலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, ஆரம்ப வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரு உபாத்தியாயர்கள். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். தமிழ்நாட்டில் ஆகஸ்டு 1ஆம் தேதியன்று பதிவேட்டிலுள்ள தொகையைக் கொண்டே உபாத்தியாயர் ஸ்தானங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. ஆகவே, 61 பேர் படிக்கும் இடத்தில் ஒரு பிள்ளை விலகினாலும் மூன்றாம் ஸ்தானத்திற்குரிய ஆதாரம் போய்விடும். பிறகு ஒரே உபாத்தியாயர் மூன்று வகுப்புகளை ஓர் அறையில் வைத்துப் பார்க்க நேரிடும். அதைக் கண்டு மறு வருஷம் இன்னுஞ் சிலர் விலகுவர். ஒருவர் வைப்புத் தொகையை எடுக்கக் கண்டு மற்றவரும் எடுக்க ஓடிய சங்கத்தின் கதி அங்கத்தினர் அறியாததன்று.

1956இல் மதிய உணவும், 1982இல் சத்துணவும், 2022இல் காலை உணவும் வந்தன. பசியே தடையாயிருந்த வீடுகளுக்கு இவை பெருந்துணை. ஆனால், பிள்ளை மூன்றாம் வகுப்பில் தடையின்றி வாசிக்கிறதா என்று கேட்கும் வீட்டாருக்கு உணவு மட்டும் விடையாகாது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் இவ்வெல்லைப் பிரதேசத்தில் உண்டு. அவர்களுக்குத் தமிழெழுத்தைப் பழக்கத் தனியே நேரம் வேண்டும். இருவர் மட்டுமுள்ள பாடசாலையில் அதுதான் அகப்படுவதில்லை.

அச்சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி சர்க்கார் பாடசாலைதோறும் நிர்வாகக் குழு ஒன்று உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர், பாதிப்பேர் ஸ்திரீகள். மானியப் பணம் செலவாகும் விதத்தைக் கவனிப்பதும் அதன் கடமை. மகாசபையில் வரவு செலவைப் படிக்கச் சொல்லிக் கேள்வி கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிய வேலையன்று. பதிவேட்டில் எத்தனை பேர், அடுத்த படிக்கு எத்தனை பேர் குறைவு, எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் இன்னும் எங்குமே சேரவில்லை என்பவற்றை ஜூலை மாதக் கூட்டத்திலேயே கேட்டறியலாம். 58 பேர் உள்ள பாடசாலையில் மேலும் மூவர் சேர்ந்தால், மூன்றாம் உபாத்தியாயர் வேண்டுமென்று சட்டத்தைக் காட்டியே வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனுச் செய்துகொள்ளலாம்.