கரடிக்கு இரை வைக்குமுன் இடத்தை நடந்து பாருங்கள்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கரடி வேட்டை ஆகஸ்ட் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை தொடங்குகிறது. இரை போட அதற்கு 30 நாள் முன்பிருந்துதான் அனுமதி. ஆகவே அந்த நாள் வரும்வரை ஜூலையில் இரை வாளியைத் தொடவே வேண்டாம். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் நடங்கள். எங்கே இரை போட்டாலும் கரடி வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வரும்தான். ஆனால் பகலில் வருமா, நள்ளிரவில் வருமா என்பதை இடம்தான் முடிவு செய்கிறது.

கோடையில் கருங்கரடி பகல் வெப்பத்தில் நிழலும் ஈரமும் உள்ள அடர்ந்த புதரில் படுத்திருக்கும். சீடாரும் ஸ்ப்ரூஸும் நெருங்கி வளர்ந்த சதுப்புதான் அதற்குப் பிடித்த படுக்கை. பக்கத்திலேயே சில வருடங்களுக்கு முன் மரம் வெட்டிய பரப்பு இருந்து, அதில் ராஸ்ப்பெர்ரி மண்டியிருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். படுக்கைக்கும் தீனிக்கும் நடுவே கரடிக்கு ஒரு வழக்கமான பாதை இருக்கும். அந்தப் பாதையோரம், சதுப்பின் விளிம்பை ஒட்டி, கரடி வெளிச்சத்தில் தலைகாட்டாமல் வந்து சேரக்கூடிய இடம்தான் உங்களுக்கு வேண்டியது. திறந்த வெளியைக் கடந்துதான் வர வேண்டும் என்றால் இருட்டும்வரை அது அசையாது.

தடயங்களைக் குனிந்து பாருங்கள். மக்கிய மரக்கட்டை புரண்டு கிடக்கிறதா? எறும்புக்காகக் கரடி கிழித்திருக்கும். கிழிந்த நார் இன்னும் மஞ்சளாக இருந்தால் இரண்டொரு நாள் வேலை. சாணத்தைக் குச்சியால் கிளறினால் பெர்ரி விதைகள் கொத்தாகத் தெரியும். ஓடைக்கரைச் சேற்றில் பின்கால் தடம் கிடைத்தால் சற்று நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்: ஐந்து விரல், குதிகால், எல்லாம் வெறுங்காலோடு ஒரு மனிதர் நடந்து போனதுபோல இருக்கும். விரல்களுக்கு முன்னே நகம் குத்திய புள்ளிகள்தான் வித்தியாசம்.

பீச் மரங்களைக் கட்டாயம் பாருங்கள். அதன் சாம்பல் நிறப் பட்டை வழவழப்பானது. கரடி ஏறிய நகத்தழும்பு வருடக்கணக்கில் மறையாது. மரம் பருக்கப் பருக்கத் தழும்பும் அகன்று கறுத்துவிடும். புதுக்கீறல் மெல்லியதாக, வெளிறியிருக்கும். கிளைநுனியில் காய் பிடித்திருக்கிறதா என்று அண்ணாந்தும் பாருங்கள். வட மெய்னில் பீச் பெரும்பாலும் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் நன்றாகக் காய்க்கும். காய்த்த வருடத்தில் செப்டம்பர் வந்ததும் கரடிகள் உங்கள் இரையை விட்டு மேட்டுக்காட்டுக்குப் போய்விடும். அப்படியானால் பருவத்தின் முதல் வாரத்துக்கே தயாராகுங்கள்.

நான் முதல் வருடம் செய்த தவறு வாளி சுமக்கச் சோம்பியது. மரம் ஏற்றும் லாரிப் பாதைக்குப் பக்கமாகவே இடம் பிடித்தேன். இரை தினமும் காலியானது. அங்கே மாட்டியிருந்த கேமராவில் பதிவான படங்கள் எல்லாம் இரவு 11 மணிக்கு மேல். அடுத்த வருடம் சதுப்போரமாக 300 மீட்டர் உள்ளே தள்ளினேன். முதுகு வலித்தது, ஆனால் கரடி மாலை வெயிலிலேயே வந்தது.

இடம் பிடித்துப்போனதும் மாலை 6 மணிக்கு ஒருமுறை போய்க் கொஞ்சம் சாம்பலைத் தூவிக் காற்றைப் பாருங்கள். இதைத் தவறவிடாதீர்கள். பகலில் காற்று சரிவில் மேல்நோக்கி வீசும் இடத்தில்கூட, பொழுது சாயும்போது குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும். சதுப்பு கீழே, நீங்கள் உட்காரும் பரண் மேலே என்றால் உங்கள் வாடை நேராகக் கரடியின் படுக்கைக்கே போய்விடும். மேலும், கரடி இரையை நெருங்குமுன் காற்று போகும் பக்கமாகச் சுற்றிவந்து மோப்பம் பிடிக்கும். பரணுக்குப் பின்னால் குளமோ அகன்ற ஓடையோ இருந்தால் அந்தப் பக்கம் சுற்ற முடியாது. அப்போது பரணை ஒரே பக்கம் பார்க்கப் போட்டால் போதும்.

சட்டத்துக்கு வருவோம். நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு டோனட்கூடப் போடக் கூடாது. வண்டி போகும் பாதையிலிருந்து குறைந்தது 50 கெஜம் தள்ளியிருக்க வேண்டும். குப்பைக் கிடங்கு, முகாம் மைதானம், ஆள் குடியிருக்கும் வீடு ஆகியவற்றிலிருந்து 500 கெஜம். வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதித்தால் வீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. இரை வைப்பவரின் பெயர், முகவரி எழுதிய அட்டை அங்கே தொங்க வேண்டும். நவம்பர் 10-க்குள் பீப்பாய், மிச்சம் மீதி எல்லாவற்றையும் அகற்றிவிட வேண்டும். இந்த மாநில மக்கள் 2004-லும் 2014-லும் இரை வேட்டையைத் தடைசெய்யலாமா என்று வாக்களித்து, வேண்டாம் என்று விட்டார்கள். அழுகிய ரொட்டியும் பிளாஸ்டிக் பையும் சிதறிக் கிடக்கும் ஓர் இடத்தைப் பார்ப்பவர் அடுத்த முறை எப்படி வாக்களிப்பார் என்று யோசியுங்கள்.

இரையில் சாக்லேட் மட்டும் கூடவே கூடாது. 2014-ல் பக்கத்து நியூ ஹாம்ப்ஷயரில் இரை போட்ட இடத்தருகே நான்கு கரடிகள் செத்துக் கிடந்தன, அவற்றில் இரண்டு குட்டிகள். சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமின்தான் கொன்றது. ரொட்டி, ஓட்ஸ், வெல்லப்பாகு போதும்.

கேமரா மாட்டியதும் முதலில் குட்டிகளைத் தேடுங்கள். ஜனவரியில் குகையில் பிறந்தவை ஆகஸ்டில் இன்னும் தாயோடுதான் திரியும். ஒரு படத்தில் குட்டி தெரிந்தாலும் அந்த இடத்தை இந்த வருடம் விட்டுவிட்டு, குறித்துவைத்த இரண்டாவது இடத்துக்குப் போங்கள். படத்தில் குட்டியே வராவிட்டாலும், பரணில் உட்கார்ந்திருக்கையில் கரடி தனியாக வந்தால் துப்பாக்கியைத் தூக்காமல் பத்து நிமிடம் காத்திருங்கள். குட்டிகளைப் பின்னாலுள்ள மரத்தில் ஏற்றிவிட்டுத் தாய் மட்டும் முன்னே வருவது வழக்கம். இரையைப் பார்க்காமல் அந்த மரக்கிளைகளைப் பாருங்கள்.