இரவில் கால்கள் நிம்மதி தரவில்லையா? தூக்கப் பரிசோதனை எப்போது தேவை?

படுத்துச் சற்று நேரத்தில் கால்களுக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருக்கிறதா? காலை அசைக்காமல் இருக்க முடியவில்லையா? எழுந்து நடந்தால் அடங்கி, மீண்டும் படுத்தால் திரும்பி வருகிறதா? இது ‘அமைதியற்ற கால்கள்’ எனப்படும் நோயாக இருக்கலாம். “வயசானா அப்படித்தான்” என்று பலர் மருத்துவரிடம் சொல்வதே இல்லை. இதற்குச் சிகிச்சை உண்டு.

இந்த நோயைக் கண்டறியத் தூக்கப் பரிசோதனை பெரும்பாலும் தேவையில்லை. அந்தப் பரிசோதனையில் தலையிலும் மார்பிலும் கால்களிலும் கருவிகளைப் பொருத்தி, ஓர் இரவு முழுவதும் மூளை அலைகள், மூச்சு, கால் அசைவுகள் ஆகியவற்றைப் பதிவுசெய்வார்கள். ஆனால் விழித்திருக்கும்போது நீங்கள் உணரும் தவிப்பை எந்தக் கருவியும் பதிவுசெய்யாது. இந்த நோய் உள்ள 10 பேரில் சுமார் 8 பேருக்குத் தூக்கத்திலும் கால்கள் விட்டுவிட்டு உதறும். ஆயினும், நோய் இல்லாத முதியவர்கள் பலருக்கும் அப்படி உதறுவதுண்டு. எனவே, பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் உங்களுக்கு நோய் இல்லை என்று ஆகிவிடாது.

மருத்துவர் முக்கியமாக நம்புவது உங்கள் வாய்ச்சொல்லைத்தான். குடைச்சல், இழுப்பு, எறும்பு ஊர்வது என எந்தச் சொல் மனத்தில் வருகிறதோ அதையே சொல்லுங்கள். ஆங்கிலச் சொல் தேடித் தடுமாற வேண்டாம். உடன் வரும் மகனோ மகளோ விளக்கட்டும். கெண்டைக்கால் கல்போல் இறுகி வலித்தால் அது தசைப்பிடிப்பு. நீரிழிவால் வரும் எரிச்சலும் மரத்துப்போதலும் நடந்தால் அடங்குவதில்லை. இந்த வேறுபாடுகளையும் சொல்லுங்கள்.

தூக்கப் பரிசோதனையைவிட ரத்தப் பரிசோதனையே இங்குப் பலருக்கு அதிகம் உதவும். ரத்தசோகை இல்லாதவருக்கும் உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பு குறைந்திருக்கலாம். அந்தச் சேமிப்பைக் காட்டும் ‘ஃபெரிட்டின்’ அளவு லிட்டருக்கு 75 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், மருத்துவர் இரும்புச்சத்து மருந்து தரக்கூடும். நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். முதியவர்களுக்கு இரும்புச்சத்து குறைவதற்கு வயிற்றிலோ குடலிலோ ஏற்படும் ரத்தக்கசிவு காரணமாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் விடக்கூடாது.

தூக்கம் வரட்டும் என்று மயக்கம் தரும் சளி மாத்திரையைப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. அதுவே கால் தொல்லையை அதிகமாக்கலாம். சில வாந்தி மருந்துகளும் மனச்சோர்வு மருந்துகளும் அப்படித்தான். ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்த எதையும் அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

தூக்கப் பரிசோதனை உண்மையிலேயே உதவும் நேரமும் உண்டு. நீங்கள் பலத்த குறட்டை விடுவதாகவோ, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாகவோ துணைவர் சொன்னால், அது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு. கால் தொல்லை அடங்கிய பின்பும் பகலில் பேருந்திலும் நாற்காலியிலும் தூங்கி விழுகிறீர்கள் என்றால், அதையும் சொல்லுங்கள். மறதிநோயால் தம் உபாதையைச் சொல்ல இயலாதவருக்கும் கால் அசைவுப் பதிவு ஓரளவு துணைசெய்யும்.

பலதுறை மருந்தகத்திற்குச் செல்லுமுன், தொல்லை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்துகள் உட்பட, ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள்.