பழைய ஜீப் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் குனிஞ்சு பாருங்க



வேலையில் இருந்து நின்றதும் சேமலாப நிதிப் பணம் நம்ம கைக்கு ஒரே ஒரு முறைதான் வருகிறது. மாதா மாதம் நம் சம்பளத்தில் பிடித்த 8 வீதமும், தோட்டம் போட்ட 12 வீதமும் சேர்ந்த பணம் அது. முப்பது வருசம் மலையில் நின்றதின் மிச்சம். அந்தப் பணத்தில் ஒரு ஜீப் வாங்கி ஹயருக்கு விடலாம் என்ற எண்ணம் நிவித்திகலப் பக்கத்தில் பலருக்கு உண்டு. அந்த எண்ணத்தை நான் தப்புச் சொல்ல மாட்டேன். மேல் டிவிசனுக்கு பஸ் வராது, மழை பெய்தால் த்ரீவீல் ஏறாது. அரிசி மூட்டைக்கும் ஜீப்தான், நோயாளிக்கும் ஜீப்தான்.

ஆனால் நமக்குக் கட்டுப்படியான விலையில் கிடைப்பது நிறைய ஓடித் தேய்ந்த வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளின் விலை எங்கேயோ போய்விட்டது. 2025 பெப்ரவரியில் மறுபடியும் திறந்தார்கள், ஆனால் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புது வண்டி நம்ம ஆட்களுக்கு எட்டாது. ஆகவே பழையதைத்தான் பார்த்து வாங்க வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதுதான் இந்த முறை பாடம்.

முதலில் என் தப்பைச் சொல்லி விடுகிறேன். சில வருசங்களுக்கு முன் நம்ம டிவிசன் அண்ணன் ஒருவர், "ஐயா, நீங்களும் ஒருக்கா வந்து பாருங்களேன், நாலு எழுத்துப் படிச்சவங்க" என்று கூப்பிட்டார். பழைய மிட்சுபிசி ஜீப், 4டீஆர்5 இன்ஜின். புதுப் பெயின்ற், பளபளவென்று இருந்தது. விற்கிறவர் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். ஃபோர் வீல் லீவரையும் போட்டுக் காட்டினார், வெண்ணெய் மாதிரி விழுந்தது. நானும் தலையை ஆட்டினேன். அண்ணன் காசை எண்ணிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து, அடை மழையில், பிரசவ வலி வந்த ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு வரும்போது களிமண் ஏற்றத்தில் ஜீப் நின்றுவிட்டது. பின் சில்லு மட்டும் சுத்துது, முன் சில்லு அசையவே இல்லை. கடைசியில் தோட்டத்து லொறி வந்துதான் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தாயும் பிள்ளையும் சுகம். அடுத்த நாள் பாஸ் ஒருவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். முன்னுக்குப் போகிற ஷாஃப்டே அதில் இல்லை! யாரோ எப்போதோ கழற்றி எடுத்துவிட்டார்கள். நானோ பெயின்றைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஏன் கழற்றுகிறார்கள்? முன் டிஃபரென்சல் உடைந்தால் பல்லுச் சாமான் விலை அதிகம். ஷாஃப்டைக் கழற்றிப் போட்டால் பின் சில்லில் மட்டும் வண்டி ஓடும், தார் ரோட்டில் யாருக்கும் தெரியாது. லீவரும் எப்போதும்போல விழும், ஏனென்றால் லீவர் திருப்புவது கியர் பொக்ஸோடு ஒட்டியிருக்கும் ட்ரான்ஸ்பர் பொக்ஸை மட்டும்தான். அங்கிருந்து பின்னுக்கு ஒரு ஷாஃப்ட், முன்னுக்கு ஒரு ஷாஃப்ட் போகும். இந்த இரண்டையும் கண்ணால் பார்க்காமல் காசை வெளியே எடுக்காதீங்க. சாக்கு ஒன்றை விரித்துக் கீழே படுத்துப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஷாஃப்ட் இருந்தால் மட்டும் போதாது. முன் சில்லின் நடுவில் திருகிப் பூட்டும் ஹப் உள்ள வண்டி என்றால் சமமான மண் ரோட்டில் இரண்டு முறை ஓட்டச் சொல்லுங்க. முதலில் ஹப்பைத் திறந்து விட்டு, ஃபோர் வீல் லீவரைப் போட்டு, மெதுவாக ஓட்டட்டும். பக்கத்தில் நடந்து போகிற ஆள் குனிந்து பார்த்தால் முன் ஷாஃப்ட் சுற்ற வேண்டும். சுற்றினால் ட்ரான்ஸ்பர் பொக்ஸ் வேலை செய்கிறது. பிறகு லீவரை எடுத்துவிட்டு, இரண்டு ஹப்பையும் பூட்டி ஓட்டட்டும். இப்போதும் முன் ஷாஃப்ட் சுற்ற வேண்டும், ஆனால் இந்த முறை சில்லுதான் அதைச் சுற்றுகிறது. சுற்றாவிட்டால் ஹப்போ உள்ளே இருக்கும் அச்சோ போய்விட்டது. இந்த இரண்டும் சரியென்றால் லோ கியரைப் போட்டு ஈரமான ஏற்றம் ஒன்றில் ஏற்றிப் பாருங்க. லீவர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் அந்த வண்டி வேண்டாம். காய்ந்த தார் ரோட்டில் மட்டும் இந்தச் சோதனைகளைச் செய்ய வேண்டாம். வளைவில் முன் சில்லும் பின் சில்லும் ஒரே தூரம் ஓடுவதில்லை, அதனால் உள்ளே இறுகும். நல்ல வண்டியையும் நாமே உடைத்துவிடுவோம்.

மீட்டரைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை, அதை நம்பாதீங்க. பழைய மீட்டர்களில் ஐந்து இலக்கம்தான். 99,999 முடிந்தால் மறுபடி பூச்சியம். பழைய லேண்ட் ரோவர்களில் அது கிலோமீட்டரும் இல்லை, மைல். ஒரு மைல் என்பது 1.6 கிலோமீட்டர். கிளச் மிதியின் ரப்பர், ஸ்டியரிங் வளையம், டிரைவர் சீற்றின் ஓரம், கதவுக் கீல் எல்லாவற்றையும் பாருங்க. 60,000 என்று மீட்டர் சொல்லி, மிதி இரும்பு தேய்ந்து மின்னினால் எதை நம்புவது என்று உங்களுக்கே தெரியும். கூட ஓடிய வண்டி என்பதற்காகத் தள்ளவும் தேவையில்லை. டார்ஜிலிங் தேயிலை மலைப் பக்கம் மானேபஞ்சன் என்ற ஊரில் இருந்து 3,636 மீட்டர் உயரத்துச் சந்தக்பூ வரைக்கும், 1950களில் செய்த லேண்ட் ரோவர்களை அறுபது எழுபது வருசம் ஓட்டியிருக்கிறார்கள். வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன காலத்து வண்டிகள் அவை. எவ்வளவு ஓடியது என்பதைவிட, எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதையே நான் கேட்பேன். ஒயில் மாற்றிய பில், சாமான் வாங்கிய பில் எதையாவது வைத்திருக்கிறாரா என்று விசாரியுங்க.

நம்ம பகுதிக்கென்று இரண்டு விசேசமான ஆபத்து உண்டு. ஒன்று மாணிக்கக் குழிகளில் ஓடிய வண்டி. வருசக் கணக்காகச் சேற்றில் நின்றிருக்கும். சேறு செசியின் உள்ளே அடைந்து, உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஒரு சின்னச் சுத்தியலால் செசியைத் தட்டிக்கொண்டே போங்க. நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும், உக்கின இடம் "டொக்" என்று கேட்கும். புதுத் தார் பூசி மறைத்த இடத்தைத்தான் கூடுதலாகத் தட்ட வேண்டும். லேண்ட் ரோவரின் பொடி அலுமினியம். 1948இல் அந்த வண்டி வெளிவந்தபோது யுத்தத்துக்குப் பிறகு இரும்புத் தட்டுப்பாடு. அதனால் மேலே துருவே தெரியாது, பார்க்க நன்றாக இருக்கும். கீழே செசி இரும்பு. மேலைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

மற்றது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2003 மே மாதமும் 2017 மே மாதமும் களு கங்கை பெருகியபோது இரத்தினபுரியில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். தண்ணீரில் மூழ்கிய வண்டியைக் கழுவிப் பெயின்ற் அடித்து விற்றுவிடலாம். சீற்றுக்குக் கீழே, டாஷ்போட்டுக்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பாருங்க. வண்டல் கோடு, பச்சை பிடித்த வயர் மூட்டு, மக்கின நாற்றம் இருக்கிறதா? டிஃபரென்சல் பிளக்கைக் கழற்றி விரலை விடச் சொல்லுங்க. ஒயில் பால்தேத்தண்ணி மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. விரலில் இரும்புத் தூள் மின்னினால் பல்லு தேய்கிறது. கழற்ற விடமாட்டேன் என்கிறவரிடம் நன்றி சொல்லிவிட்டு வாங்க.

இன்ஜினைப் பார்க்கக் காலையிலேயே போங்க, சொல்லாமல் போனால் இன்னும் நல்லது. பொன்னட்டில் கை வைத்துப் பாருங்க. சூடாக இருந்தால் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார், அதற்கு ஒரு காரணம் இருக்கும். ஸ்டார்ட் பண்ணுகிற நேரம் கொஞ்சம் வெள்ளைப் புகை டீசலில் வரும், நிற்காமல் வந்தால்தான் யோசிக்க வேண்டும். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. கரும்புகை பம்பு, இன்ஜெக்டர், ஏர் ஃபில்டர் பக்கத்து வேலை, திருத்தலாம். ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்று அடிக்கிறதா? பிஸ்டன், றிங் தேய்ந்திருக்கும், அது பெரிய செலவு. ரேடியேட்டர் மூடியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறங்க, உள்ளே எண்ணெய்ப் படலம் இருக்கக் கூடாது. ஹைலக்ஸின் 2எல், 3எல் இன்ஜினுக்கும், மிட்சுபிசி 4டீ56 இன்ஜினுக்கும் டைமிங் பெல்ட் உண்டு. அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி இன்ஜினே போகும். எப்போது மாற்றியது என்று எழுத்தில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கணக்கெடுத்து அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்க.

கடைசியாகக் கடதாசி. பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் வண்டியில் உள்ளதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்க. கண் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையைக் கூட்டிப் போங்க. பதிவில் முழு உரிமையாளர் என்று லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அந்தக் கடன் முடிந்து பெயர் நீங்கும் வரை அது விற்கிறவரின் வண்டியே இல்லை. "ஓபன் பேப்பரில் தாறேன், பிறகு மாத்திக்கலாம்" என்பார்கள். வேண்டாம். பழைய சொந்தக்காரர் இறந்துபோனால், அல்லது ஊரை விட்டுப் போனால் யாரைத் தேடுவது? ஹயருக்கு விடப் போகிறீர்கள் என்றால் இன்சூரன்ஸ்காரரிடம் அதை மறைக்காமல் சொல்லித்தான் எடுக்க வேண்டும். மறைத்தால் விபத்து நடந்த அன்று கையை விரிப்பார்கள்.

நம்ம அண்ணன் அந்த ஜீப்பை, ஷாஃப்ட் இல்லை என்று உண்மையைச் சொல்லி, குறைந்த விலைக்கே விற்றார். அடுத்த வண்டிக்குப் போகும்போது சாக்கும் சுத்தியலும் டோர்ச்சும் என் கையில் இருந்தன. மூன்று வண்டியை வேண்டாம் என்று விட்டு நாலாவதைத்தான் வாங்கினோம். அந்த மூன்று சாமானும் இப்போது நலன்புரி அலுவலகத்து அலுமாரியில் கிடக்கின்றன. ஜீப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு நாள் முந்திச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமையில் நானும் கூட வருவேன்.