தறியும் மூச்சும்

நுழையும்முன்

பகைவரைத் தடுக்க நிறுத்திய காவலர், விருந்தினரைப் பகைவரென எண்ணித் தாக்கினால் வீடு என்னவாகும்? மகரந்தத்துக்கும் தூசிக்கும் உணவுக்கும் எதிராக உடலின் காவற்படை போர் தொடுக்கும் நிலையே ஒவ்வாமை. அது ஏன் நிகழ்கிறது, அதை அடக்குவது எது, தொழிலிடத்துத் தூசியில் வாழ்வோரின் மூச்சை எவ்வாறு காப்பது என்னும் வினாக்களுக்கு அறிவியல் கண்ட விடைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தறி ஒலிக்கும் ஊர்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்தது ஆர்.கே.பேட்டை. அதன் சுற்றுப்புறத்திலுள்ள அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை, பள்ளிப்பட்டு ஆகிய ஊர்களிலும் நெசவே பலரது வாழ்வுக்கு அடிப்படை. விடியற்காலையில் தெருவில் நடப்போரின் செவியில் முதலில் விழுவது விசைத்தறியின் ஒலியே. பல வீடுகளில் கூடத்தின் ஒருபுறம் தறி, மறுபுறம் அடுப்பு. நாடா இடமும் வலமுமாகப் பாயும்போது நூலிலிருந்து உதிரும் நுண்ணிழைகள் காற்றில் மிதந்து, தறியின் மரச்சட்டத்திலும் சன்னல் கம்பியிலும் வெண்மையாகப் படிகின்றன. அங்கே படிந்தது துடைத்தால் போய்விடும். மூச்சுக்குழலுக்குள் சென்றதைத் துடைக்க இயலாது.

நெசவாளர் ஒருவருக்கு இருமலும் இரைப்பும் தோன்றினால் அதைச் 'சளி' என்றும் 'வீசிங்' என்றும் சொல்லி நாள் கடத்துவது வழக்கம். அது ஒவ்வாமையா, ஆஸ்துமாவா, தொழிலால் வந்த நோயா எனப் பிரித்தறிவது அவருடைய மூச்சை மட்டுமன்றி அவர் குடும்பத்தின் பிழைப்பையும் காப்பதாகும். அவ்வாறு பிரித்தறியக் கடந்த ஒன்றேகால் நூற்றாண்டு ஆய்வுகள் துணைபுரிகின்றன.

ஒரு சொல்லின் பிறப்பு

1902ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர்கள் சார்லஸ் ரிஷே, பால் போர்த்தியே ஆகிய இருவரும் கடற்சாமந்தி என்னும் உயிரியின் நஞ்சை நாய்களுக்குச் சிறிதளவு செலுத்தி ஆராய்ந்தனர். முதன்முறை செலுத்தியபோது தப்பிப் பிழைத்த நாய், சில வாரங்களுக்குப் பின் மிகக் குறைந்த அளவு செலுத்தியபோது சில நிமிடங்களிலேயே இறந்தது. நஞ்சுக்குப் பழகிக் காப்புப் பெறும் என எதிர்பார்த்த உடல், அதற்கு மாறாகக் கூடுதலாகக் கொந்தளித்தது. இந்நிலைக்கு 'அனஃபிலாக்சிஸ்' எனப் பெயரிட்ட ரிஷே, 1913இல் நோபல் பரிசு பெற்றார்.

அதே காலத்தில் வியன்னா நகரின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே, தொண்டை அடைப்பான் நோய்க்காகக் குதிரையின் ஊனீர் செலுத்தப்பட்ட குழந்தைகளை உற்றுநோக்கினார். இரண்டாம் முறை ஊசி பெற்ற குழந்தைகளுக்குக் காய்ச்சலும் தடிப்பும் விரைந்து தோன்றின. காக்கும் ஆற்றலும் வருத்தும் ஆற்றலும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என அவர் உணர்ந்தார். மாறுபட்ட எதிர்வினை என்னும் பொருள்பட, கிரேக்கச் சொற்களிலிருந்து 'அலர்ஜி' என்னும் சொல்லை 1906இல் அவர் உருவாக்கினார். தமிழில் நாம் அதனை ஒவ்வாமை என்கிறோம்.

உடலுக்குள் நிகழ்வது

வீட்டுத்தூசியில் வாழும் சிற்றுண்ணி, மகரந்தம், கரப்பான்பூச்சியின் கழிவு, பூஞ்சைத் துகள் ஆகியன இயல்பில் தீங்கற்றவை. எனினும் சிலருடைய உடல் அவற்றைப் பகையெனக் கருதி, 'இம்யூனோகுளோபுலின் ஈ' என்னும் எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. இவ்வெதிர்ப்பொருள் தோலிலும் மூச்சுப்பாதையிலும் குடலிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே பொருள் மீண்டும் உடலுக்குள் நுழையும்போது மாஸ்ட் செல் தன்னுள் தேக்கியுள்ள ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைக் கொட்டிவிடுகிறது. மூக்கில் நிகழ்ந்தால் தும்மல். தோலில் நிகழ்ந்தால் தடிப்பு. மூச்சுக்குழலில் நிகழ்ந்தால் இரைப்பு. உடல் முழுவதும் ஒருசேர நிகழ்ந்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஊறு நேரும்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழலின் உட்சுவர் நெடுநாள் அழற்சியால் வீங்கியிருக்கும். சுற்றியுள்ள தசை சிறு தூண்டலுக்கும் சுருங்கும். சளி பாதையை அடைக்கும். உள்ளே இழுத்த காற்றை வெளியேற்ற இயலாமல் நோயாளி தவிப்பார். இந்தியாவில் 12 நகர மையங்களிலும் 11 ஊரக மையங்களிலும் 1,69,575 பேரிடம் நிகழ்த்திய ஆய்வு, பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ நூற்றுக்கு இருவர் ஆஸ்துமா உடையவர் என 2012இல் அறிவித்தது.

தெரிந்து தெளிவோம்

இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் எதிர்ப்பொருளை அமெரிக்காவின் டென்வர் நகரில் பணியாற்றிய ஜப்பானிய இணையர் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா ஆகியோர் 1966இல் கண்டறிந்தனர். குருதியில் மிக நுண்ணிய அளவிலேயே இருக்கும் அதைத் தேடும் ஆய்வில் அவர்கள் தம் தோலையே சோதனைக்களமாக்கினர். ஸ்வீடன் நாட்டின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிக் ஆகியோரும் தனித்து ஆராய்ந்து இதனைக் கண்டனர். 1968இல் உலக நலவாழ்வு அமைப்பு இதற்குப் பெயர் சூட்டியது.

மண் கற்பிக்கும் பாடம்

தொற்றுநோய்கள் குறைந்த நாடுகளில் ஒவ்வாமை ஏன் பெருகியது? 1958ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிறந்த 17,414 பிரித்தானியக் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்த டேவிட் ஸ்ட்ரகன், உடன்பிறந்தோர் மிகுந்த வீடுகளில் மகரந்த ஒவ்வாமை குறைவு என 1989இல் எழுதினார். இளமையில் கிருமிகளோடு பழகாத எதிர்ப்பாற்றல் பகையையும் பகையல்லாததையும் பிரித்தறியத் தடுமாறுகிறது என்னும் கருத்து இதிலிருந்து வளர்ந்தது.

2016இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இதற்கு வலுச்சேர்த்தது. ஆமிஷ், ஹட்டரைட் ஆகிய இரு உழவர் குழுக்களும் மரபிலும் உணவிலும் ஒத்தவை. ஆமிஷ் மக்கள் மாடும் குதிரையும் கொண்டு வீட்டருகிலேயே உழவு செய்வோர். ஹட்டரைட் மக்கள் எந்திரங்களால் பெரும்பண்ணை நடத்துவோர். ஆமிஷ் குழந்தைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கும் ஹட்டரைட் குழந்தைகளில் 21 விழுக்காட்டினருக்கும் ஆஸ்துமா இருந்தது. ஆமிஷ் வீட்டுத்தூசியில் பாக்டீரியாவின் மேலுறைப் பொருளாகிய எண்டோடாக்சின் ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுந்திருந்தது. அத்தூசியின் சாற்றை எலிகளுக்கு அளித்தபோது அவையும் ஆஸ்துமாவிலிருந்து காப்புப் பெற்றன.

சுற்றுப்புறக் கிருமிகள் எதிர்ப்பாற்றலைப் பழக்குகின்றன என்னும் இக்கருத்துக்குத் திருவள்ளூர் வட்டாரத்தோடு நெருங்கிய தொடர்பு உண்டு. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கிய இவ்வட்டாரச் சிற்றூர்களில், காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியின் ஆற்றலை அறியும் மாபெரும் ஆய்வு 1968இல் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக நலவாழ்வு அமைப்பும் இணைந்து நடத்திய அவ்வாய்வில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் பங்கேற்றனர். தோலில் டியூபர்குலின் செலுத்தி, எழும் தடிப்பை அளந்து குறித்தனர். 'அலர்ஜி' என்னும் சொல்லைத் தந்த பிர்க்கேயே 1907இல் டியூபர்குலின் தோல் சோதனையையும் வகுத்தவர் என்பது நினையத்தக்கது.

பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை என்பதே இவ்வாய்வு கண்ட முடிவு. மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமிக்கு உறவான நுண்ணுயிரிகள் மக்களின் எதிர்ப்பாற்றலை முன்னரே பழக்கியிருந்தமையால் தடுப்பூசியின் விளைவு வெளிப்படவில்லை என்பது அறிஞர் பலர் கூறும் விளக்கம். குழந்தைகளுக்கு வரும் கொடிய வகைக் காசநோயைத் தடுப்பதால் பிறந்த குழந்தைக்குப் பிசிஜி இடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. எதிர்பார்த்ததற்கு மாறான முடிவையும் மறைக்காமல் உலகுக்கு அறிவித்தமையே அவ்வாய்வின் பெருமை.

பஞ்சுத்தூசியின் இருமுகம்

தூசி நன்மை தருமெனில் தறிக்கூடத்துத் தூசியும் நன்மை தருமா? தராது. குழந்தைப் பருவத்தில் தொழுவத்தின் தூசியில் கலந்து பழகிய எண்டோடாக்சின் காப்பாக அமையலாம். அதே எண்டோடாக்சின், பருத்திச் செடியில் வாழ்ந்த பாக்டீரியாவிலிருந்து பஞ்சுத்தூசியோடு கலந்து, நாள்தோறும் மணிக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நுரையீரலை அடையும்போது அழற்சியை விளைவிக்கிறது. பொருள் ஒன்றே, அளவும் காலமும் வயதும் அதன் விளைவை மாற்றுகின்றன.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி, 1700இல் வெளியிட்ட தொழில்நோய் நூலில் சணலும் ஆளியும் சிக்கெடுப்போரின் இருமலைக் குறித்துள்ளார். பருத்தி ஆலைகள் பெருகியபின் இந்நோய் 'பிசினோசிஸ்' எனப் பெயர் பெற்றது. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல்நாளில் நெஞ்சு இறுகுவதே இதன் தனி அடையாளம். மறுநாள் சற்றுத் தணியும். தணிவதால் நோயாளி அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல இறுக்கம் வாரம் முழுவதும் நீளும். இறுதியில் நுரையீரலின் ஆற்றல் மீளாவண்ணம் குன்றும்.

பஞ்சைப் பிரித்துச் சிக்கெடுக்கும் நூற்பாலைப் பிரிவுகளில் இந்நோய் மிகுதி; நெசவுப் பிரிவில் குறைவு. ஆயினும் காற்றோட்டமற்ற சிறு கூடத்தில் பல தறிகள் ஓடுவதும், தார் சுற்றுவதும் கஞ்சி தோய்ந்த பாவிலிருந்து தூள் உதிர்வதும் அங்கேயே நிகழ்வதும் மூச்சுக்கு ஊறு தருவனவே. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பிசினோசிஸை அறிவிக்கத்தக்க தொழில்நோய்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. எனினும் வீட்டுக்குள் ஓடும் தறிக்கு ஆய்வாளர் வருவதில்லை. அங்கே நோயை முதலில் கண்டறிய வேண்டியவர் நெசவாளரே.

சீனாவின் ஷாங்காய் நகரில் 1981இல் தொடங்கிய ஆய்வு, பருத்தியாலைத் தொழிலாளரையும் பட்டாலைத் தொழிலாளரையும் ஒப்பிட்டுப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. பருத்தித்தூசியில் உழைத்தோரின் மூச்சாற்றல் விரைந்து குன்றியது. புகைபிடிப்போருக்கு இழப்பு மேலும் மிகுந்தது. தூசியிலிருந்து விலகிய பின்னர் அவர்தம் மூச்சாற்றல் ஓரளவு தேறியதையும் அவ்வாய்வு காட்டியது. எனவே, காலம் தாழ்த்தாத விலகல் பயன் தருவதாகும்.

அமைதி காக்கும் செல்கள்

எதிர்ப்பாற்றலைத் தூண்டுவது எது என்றே நெடுங்காலம் தேடிய அறிவியல், அதை அடக்குவது எது என்றும் தேடியது. 1995இல் ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சி, பிற டி செல்களைக் கட்டுப்படுத்தும் தனிவகை டி செல்களைக் கண்டறிந்தார். 2001இல் அமெரிக்க அறிஞர்கள் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும், தன் உடலையே தாக்கும் நோயுற்ற எலிகளில் 'ஃபாக்ஸ்பி3' என்னும் மரபணு பழுதுற்றிருப்பதைக் கண்டனர். அம்மரபணுவே அமைதி காக்கும் செல்களை உருவாக்குகிறது எனப் பின்னர்த் தெளிவாயிற்று. இம்மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. முடக்குவாதம், முதல்வகை நீரிழிவு போன்ற தன்தடுப்பாற்றல் நோய்களையும் ஒவ்வாமையையும் ஒரே கோணத்தில் நோக்க இக்கண்டுபிடிப்பு வழிவகுத்தது.

பொறுத்துக்கொள்ளுமாறு உடலைப் பழக்கவும் இயலும். இலண்டனில் 640 குழந்தைகளிடம் நிகழ்ந்து 2015இல் வெளியான ஆய்வில், ஓராண்டு நிறைவதற்கு முன்பே நிலக்கடலை உணவைத் தொடங்கிய குழந்தைகளில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினருக்கும், அதைத் தவிர்த்த குழந்தைகளில் 17 விழுக்காட்டினருக்கும் ஐந்தாம் வயதில் நிலக்கடலை ஒவ்வாமை இருந்தது. அதுவரை அளிக்கப்பட்ட 'தவிர்த்திடுக' என்னும் அறிவுரையை மருத்துவ உலகம் மாற்றிக்கொண்டது.

மூச்சைக் காத்தல்

ஆஸ்துமாவுக்கு உறிஞ்சியே முதன்மை மருந்து. அதைத் தொடங்கினால் பழக்கமாகிவிடும் என்னும் அச்சம் அடிப்படையற்றது. உறிஞ்சியின் மருந்து சிறிய அளவில் நேரே மூச்சுக்குழலை அடைகிறது. இரைப்பு வந்தபோது மட்டும் குழலை விரிக்கும் மருந்தை இழுப்பது போதாது. அழற்சியைத் தணிக்கும் மருந்தும் சேர வேண்டும் என 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டு நெறிகள் வலியுறுத்துகின்றன. கடும் ஆஸ்துமாவுக்கு இம்யூனோகுளோபுலின் ஈயைப் பற்றிக்கொள்ளும் ஒமாலிசுமாப் என்னும் ஊசி 2003இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. அதன் விலை எளியோர்க்கு எட்டாதது.

தறிக்கூடத்தில் மேற்கொள்ளத்தக்கவை செலவு குறைந்தவை. எதிரெதிர்ச் சன்னல்களும் வெளியேற்று விசிறியும் அமைத்தல். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தல். உண்ணும் இடத்தையும் குழந்தை உறங்கும் இடத்தையும் தறியினின்று பிரித்தல். மூக்கையும் வாயையும் இறுகப் பொருந்தி மூடும் முகக்கவசம் அணிதல். புகைபிடித்தலைக் கைவிடல் ஆகியன அவை. மூச்சின் வேகத்தை அளக்கும் சிறு குழலில் வேலைக்கு முன்னும் பின்னும் ஊதி அளவைக் குறித்து வைத்தால், நோயின் காரணத்தை மருத்துவர் எளிதில் அறிவார். 'விடுமுறை முடிந்த நாளில் மூச்சு இறுகுகிறது' என்னும் ஒரு செய்தியை மருத்துவரிடம் தவறாமல் கூறுதல் இன்றியமையாதது.

ஊரார் உடுத்தும் துணியில் நெசவாளரின் உழைப்பு உள்ளது; அவ்வுழைப்பின் விலையாக அவருடைய மூச்சு அமைதல் கூடாது. காரணத்தை அறிவியல் கண்டுவிட்டது. அதனைத் தறிக்கூடத்தின் வாயில்வரை கொண்டு சேர்ப்பது கற்றவர் கடமை.

நம்மை அளவிடுவோம்

குறுவினா
1. 'அலர்ஜி' என்னும் சொல்லை உருவாக்கியவர் யார்? அதற்கு அடிப்படையான உற்றுநோக்கல் யாது?
2. பிசினோசிஸ் நோயின் தனி அடையாளத்தைக் குறிப்பிடுக.

சிறுவினா
1. மாஸ்ட் செல்களின் செயற்பாட்டை விளக்குக.
2. திருவள்ளூர் வட்டாரத்தில் நிகழ்ந்த பிசிஜி ஆய்வின் முடிவையும் அதற்குக் கூறப்படும் விளக்கத்தையும் எழுதுக.

நெடுவினா
'பொருள் ஒன்றே, அளவும் காலமும் வயதும் அதன் விளைவை மாற்றுகின்றன' என்னும் கூற்றைப் பாடப்பகுதியின் வழி நிறுவுக.

கற்பவை கற்றபின்
உம் ஊரில் தூசி மிகுந்த தொழில் ஒன்றைத் தேர்ந்து, அங்குப் பணிபுரிவோரிடம் உரையாடி, மூச்சைக் காக்க அவர்கள் மேற்கொள்ளும் வழிகளைத் தொகுத்து வகுப்பறையில் வழங்குக.