பருவைக் கிள்ளலாமா?



"பருவ வயசுல வர்றதுதானே, தானா போயிடும்" என்று முகப்பருவை நாம் அலட்சியமாக விட்டுவிடுகிறோம். பலருக்கு அது தானாகவே போய்விடுவதும் உண்மைதான். ஆனால் சிலருக்குக் கன்னத்தில் குழிகளை விட்டுவிட்டுத்தான் போகிறது. அந்தக் குழி ஆயுசுக்கும் மறையாது. ஆகவே பரு ஏன் சிவந்து வீங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முகத்திலுள்ள மயிர்த் துவாரங்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. பருவ வயதில் ஆண்மை ஹார்மோன் (பெண்பிள்ளைகளுக்கும் இது கொஞ்சம் உண்டு) அவற்றைத் தூண்டிவிட, எண்ணெய் அதிகமாக ஊறுகிறது. உதிரவேண்டிய தோல் அணுக்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு துவாரத்தை அடைக்கின்றன. மேலே கறுப்பாய்த் தெரிவது அழுக்கு அல்ல. நாளுக்கு ஐந்து தடவை சவுக்காரம் போட்டுத் தேய்ப்பதால் தோல்தான் புண்ணாகும்.

அடைபட்ட எண்ணெயில் ஒரு கிருமி பெருகுகிறது. இது எல்லார் தோலிலும் இருப்பதுதான். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றி வருவதில்லை. இக்கிருமி எண்ணெயைச் சிதைத்து அமிலமாக்குகிறது. உடம்பு அதை எதிரி என்று கண்டு வெள்ளணுக்களை அனுப்புகிறது. அந்தச் சண்டைதான் சிவப்பும் வலியும். அடைத்துக்கொண்ட சாக்கடையின் கரை உடைந்தால் லயத்து வாசலெல்லாம் நாறுவதுபோல, துவாரத்தின் சுவர் உடைந்து உள்ளிருப்பது சதைக்குள் கசிந்தால் கட்டியாகிவிடும். நகத்தால் கிள்ளும்போது நாமே அந்தக் கரையை உடைத்துவிடுகிறோம். கொஞ்சம் வெளியே வரும், மீதி உள்ளே போகும்.

நமது வேலையும் இதற்குத் துணைபோகிறது. செம்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்குத் தொப்பியின் வார் உரசும் தாடையிலும் நெற்றியிலும் பரு கூடுவதைப் பார்க்கலாம். அழுத்தமும் உரசலும் வியர்வையும் பருவைக் கிளப்பிவிடும் என்று மில்ஸ், கிளிக்மன் என்ற இரண்டு டாக்டர்கள் 1975-ல் எழுதினார்கள். வாரைத் துடைத்துக் கட்டுங்கள். நெற்றியில் வழியுமளவுக்குத் தலையில் எண்ணெய் வைக்காதீர்கள். சம்பல் சாப்பிட்டதால் பரு வந்தது என்பதற்கு ஆதாரமில்லை. அதிகச் சீனி சிலருக்குப் பருவைக் கூட்டலாம், பாலும் அப்படியே.

பசார் மாலாமில் விற்கும் பெயர் தெரியாத வெள்ளைக் கிரீம்தான் எனக்குப் பெரிய கவலை. சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதலில் சிவப்பு அடங்கும், பிள்ளையும் சந்தோஷப்படும். நாளாக நாளாகத் தோல் மெலிந்து, பரு முன்னைவிட மோசமாகக் கிளம்பும். "கிரீமை நிறுத்தினதாலதான் வந்துச்சு" என்று மறுபடியும் அதையே வாங்கிப் பூசுவார்கள்.

பார்மசியில் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு கேளுங்கள். இரவில் முகம் கழுவி, மெல்லியதாகப் பூசவேண்டும். தலையணை உறை வெளுத்துப்போகும், பழசைப் போடுங்கள். குணம் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். ஆழமாக வலிக்கிற கட்டிகள் இருந்தாலோ, தழும்பு விழத் தொடங்கினாலோ காத்திருக்காமல் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். கர்ப்பிணிகள் அதைத் தயங்காமல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; பருவுக்கான சில மாத்திரைகள் வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு செய்யும்.